சாய்ஞ்சு உக்காந்தே வேலைக்குப் போலாமா? வாசகர் கேள்வி-பதில்

போன இதழ்ல ஒரு வாசகர், ரிகம்பன்ட் ட்ரைக் வாங்கி தினமும் ஆபீஸ் போலாமான்னு கேட்டிருந்தார். நான் "தாராளமா போலாம், ஆனா காசு கட்டுறதுக்கு முன்னாடி வீட்டு வாசல் அகலத்தை அளந்துக்கோங்க"ன்னு ஒரே வரியில முடிச்சிட்டு அடுத்த கேள்விக்குப் போயிட்டேன். அதுக்கப்புறம் வந்த மெயில்ல பாதிக்கு மேல அதைப் பத்தியேதான், அதனால இந்த வாட்டி பூரா அதுதான். புதுசா படிக்கிறவங்களுக்காக: சாய்மான சீட்டுல உக்காந்து, காலை முன்னாடி நீட்டி மிதிக்கிற 3 சக்கர சைக்கிள் இது. முன்னாடி ரெண்டு பின்னாடி ஒண்ணுன்னா டாட்போல், முன்னாடி ஒண்ணு பின்னாடி ரெண்டுன்னா டெல்டா. பேர் அவ்ளோதான், விஷயத்துக்கு வருவோம்.

கேள்வி: 50 தாண்டிடுச்சு, முதுகுல டிஸ்க் பிரச்சனை வேற. சாதா சைக்கிள்ல குனிஞ்சு ஓட்டினா மறுநாள் எந்திரிக்க முடியல. ஆபீஸ் 6 மைல், பாதி ட்ரெயில், அதாவது தனி சைக்கிள் பாதை, பாதி ரோடு. கேட்ரைக், டெர்ராட்ரைக், ஐசிஇ, ஹெச்பி வெலோடெக்னிக்னு ட்ரைக் கம்பெனி வீடியோவா பாத்துப் பாத்து தலை சுத்துது. எது பெஸ்ட் சார்? (வாசகர், ஆன் ஆர்பர், மிச்சிகன்)

வீடியோல எல்லாரும் ஓட்டுறதைத்தான் காட்டுவாங்க, ஏறுறதையும் எறங்குறதையும் காட்ட மாட்டாங்க. சனிக்கிழமை ஜாலியா ஓட்டுறவருக்கு அது பரவால்ல. உங்களுக்கு அப்படி இல்ல, வீட்ல ஏறி, ஆபீஸ்ல எறங்கி, வர்ற வழியில பால் வாங்க எறங்கி, மறுபடி ஏறின்னு தினமும் நடக்கும், முதுகு பிடிக்கிறதும் அந்த எந்திரிக்கிற நேரத்துலதான். அதனால வேகம், வெயிட் எல்லாத்துக்கும் முன்னாடி சீட்டு தரையில இருந்து எவ்ளோ உயரம்னு பாருங்க. கேட்ரைக் 700 மாதிரி ஸ்போர்ட்ஸ் மாடல்ல சீட்டு ஒரு அடிக்கும் கீழ, படுத்த மாதிரி சாய்வு, போனா அம்பு மாதிரி போகும். ஆனா ஆபீஸ் வாசல்ல பேன்ட் சட்டையோட அதுல இருந்து எந்திரிக்கிறது ஒரு யோகாசனம். டெர்ராட்ரைக் ரோவர், ஐசிஇ அட்வென்ச்சர் ஹெச்டி மாதிரி உயர சீட்டு மாடல்னா முட்டியில கை ஊனி சாதாரணமா எந்திரிச்சிடலாம்.

ரெண்டாவது விஷயம் குலுக்கல். சாதா சைக்கிள்ல குழி வந்தா நம்மள அறியாம பின்பக்கத்தைத் தூக்கிக்குவோம், ட்ரைக்ல அது முடியாது, முதுகு முழுக்க சீட்டோட ஒட்டியிருக்கு, ரோட்ல வர்ற ஒவ்வொரு அடியும் நேரா தண்டுவடத்துக்குத்தான். டிஸ்க் பிரச்சனை உள்ளவங்க பின் சஸ்பென்ஷன் இருக்குறதையே பாருங்க, கேட்ரைக் டுமான்ட்ல இருக்கு, ஹெச்பி வெலோடெக்னிக் ஸ்கார்ப்பியன் எஃப்எஸ்ல முன்னாடி பின்னாடி ரெண்டுலயும் இருக்கு, ஐசிஇல ஆப்ஷனா போட்டுக்கலாம். பட்ஜெட் இடிச்சா 2 இஞ்ச் அகல டயர் போட்டு காத்தைக் கொஞ்சம் கம்மியா வைங்க, பாதி குலுக்கலை அதுவே முழுங்கிடும். ஷ்வால்பே பிக் ஆப்பிள் டயர் அதுக்குன்னே செஞ்சது, ஆனா உங்க வண்டி மட்கார்டுக்குள்ள அந்த அகலம் நுழையுமான்னு பாத்துட்டு வாங்குங்க.

நீங்க மிச்சிகன்லயே இருக்கீங்க, டெர்ராட்ரைக் கம்பெனி இருக்குற கிராண்ட் ராப்பிட்ஸ் ஒரு வீக்கெண்ட் ட்ரிப் தூரம். மத்த பிராண்டு வச்சிருக்குற டீலர் கடையும் தேடிப் போங்க. அங்க ஓட்டிப் பாக்குறதோட நிறுத்தாம பார்க்கிங் பிரேக்கைப் போட்டுட்டு நாலஞ்சு வாட்டி உக்காந்து எந்திரிச்சுப் பாருங்க. கடைக்காரர் ஒரு மாதிரி பாப்பார், பாக்கட்டும்.

கால் நீளத்துக்கு செட் பண்றதும் அங்கயே முடிச்சிடுங்க. நிறைய மாடல்ல பெடல் மாட்டியிருக்குற முன் குழாயை, அதாவது பூமை, நீட்டிச் சுருக்கணும். அதை ஒரு இஞ்ச் நீட்டினா செயின் ரெண்டு இஞ்ச் கூட வேணும், மேல ஒரு இஞ்ச் கீழ ஒரு இஞ்ச். வீட்ல வந்து நீட்டிட்டு பெரிய கியர் போட்டா செயின் விறைச்சு, கியர் மாத்துற டிரெய்லியரை இழுத்துக்கும். ரோவர்ல இந்த வம்பே இல்ல, சீட்டையே முன்ன பின்ன நகத்திக்கலாம், வீட்ல ரெண்டு பேர் மாத்தி மாத்தி ஓட்டுறதா இருந்தா அதுதான் வசதி.

பிராண்டு கேட்டீங்களே, தரத்துல நாலுமே நல்ல கம்பெனிதான். ஜெர்மனி ஹெச்பி வெலோடெக்னிக்கும் இங்கிலாந்து கார்ன்வால்ல செய்யுற ஐசிஇயும் விலை கூட, ஆனா லைட், மட்கார்டு, கேரியர் எல்லாம் அந்த வண்டிக்குன்னே அளவெடுத்து வரும். தினப்படி வண்டிக்கு நான் அதுக்குக் காசு குடுப்பேன்.

கேள்வி: பெடல்ல இருந்து கால் வழுக்கினா என்ன ஆகும்? என் ட்ரைக்ல சாதா பெடல்தான் வந்துச்சு, பெடலோட மாட்டிக்கிற கிளிப் ஷூ எனக்குப் பிடிக்காது. (வாசகி, டாம்பா, ஃப்ளோரிடா)

இந்தக் கேள்வி கேட்டதுக்கு உங்களுக்கு ஒரு சலாம். சாதா சைக்கிள்ல கால் வழுக்கினா தரையைத் தொடும், அவ்ளோதான். ட்ரைக்ல கால் முன்னாடி நீட்டியிருக்கு, வழுக்கின குதிகால் ரோட்ல பட்டதும் அது அங்கயே நின்னுடும், வண்டி நிக்காது, உங்க வெயிட்டோட சேர்ந்து முன்னாடி வந்து காலை சீட்டுக்கு அடியில மடக்கிடும். லெக் சக்னு சொல்வாங்க. கணுக்கால், முழங்கால் உடையுற அளவுக்குப் போகும், வேகமே தேவையில்ல, ஸ்பீட் பிரேக்கர்ல ஒரு குலுக்கல் போதும்.

கிளிப் ஷூ வேண்டாம்னா குதிகாலைத் தாங்குற மாதிரி கப்பும் பட்டையும் வச்ச பெடல் இருக்கு, ட்ரைக் கடைகள்லயே கிடைக்கும், செருப்பு தவிர எந்த ஷூ போட்டுக்கிட்டும் ஓட்டலாம். ஆபீசுக்குப் போறவங்களுக்கு அதுதான் என் சாய்ஸ். இது மாட்டுற வரைக்கும் ரோட்டுக்கு எடுக்காதீங்க.

கேள்வி: அப்பாவுக்கு 70 ஆச்சு, ஸ்ட்ரோக் வந்து இடது கை, இடது கால் கொஞ்சம் வீக். நடப்பார், பேலன்ஸ்தான் இல்ல. எங்க சப்டிவிஷனுக்குள்ள சுத்த, பக்கத்து கடைக்குப் போக ட்ரைக் வாங்கித் தரலாமா? டாட்போலா டெல்டாவா அண்ணா? (வாசகி, பிளேனோ, டெக்சாஸ்)

முதல்ல அவரோட தெரப்பிஸ்ட்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்கம்மா. ஒரு பக்கம் பார்வை குறைஞ்சிருந்தா ரோட்ல தனியா விடுறது ரிஸ்க், சில பேருக்கு அது தெரியாமலே இருக்கும். அது ஓகேன்னா ட்ரைக் மாதிரி நல்ல விஷயம் இல்ல.

அப்பாவுக்கு என் ஓட்டு டெல்டாவுக்கு. டாட்போல்ல உக்காரணும்னா முன்சக்கரம் ரெண்டுக்கும் நடுவுல போய், நடு குழாயைத் தாண்டி காலை வச்சு, திரும்பி, பின்னாடி பாக்காம உக்காரணும். வீக்கான காலைத் தூக்கி வைக்கிறது அங்கதான் இடிக்கும். டெல்டால பக்கவாட்டுல போய் பெஞ்சுல உக்கார்ற மாதிரி உக்காந்து, ஒவ்வொரு காலா எடுத்து வச்சுக்கலாம். சீட்டும் பொதுவா உயரம். ஜெர்மனி ஹாஸே கம்பெனியோட லெப்பஸ் இந்த மாதிரி ஆளுங்களை மனசுல வச்சு செஞ்சது, விலையைக் கேட்டா உங்களுக்கு மயக்கம் வரும். அமெரிக்காவுல சன் ஈஸி-3 மாதிரி சிம்பிளான டெல்டா செகண்ட் ஹேண்ட்ல தேடிப் பாருங்க.

டெல்டால ஒரு எச்சரிக்கை: வேகமா திருப்பினா உள்பக்கப் பின்சக்கரம் தூக்கும். டாட்போல் அந்த விஷயத்துல கெட்டி. அப்பா மெதுவா போறவர்னா பிரச்சனை இல்ல, அப்பா என் அப்பா மாதிரின்னா சொல்லி வைங்க.

அதைவிட முக்கியம் ஒரு கையில ஓட்டுற மாதிரி மாத்துறது. பொதுவா டாட்போல்ல இடது லீவர் இடது சக்கர பிரேக், வலது லீவர் வலது சக்கர பிரேக், ஒரு கை வீக்னா வண்டி ஒரு பக்கமா இழுக்கும். ஒரே லீவர் ரெண்டு கேபிளையும் இழுக்குற மாதிரி லீவர் தனியா கிடைக்குது, அதை வலது கைப்பக்கம் போட்டு கியர் ஷிஃப்டரையும் அதே பக்கம் கொண்டு வந்துட்டா இடது கை சும்மா ஹேண்டிலைப் பிடிச்சிருந்தா போதும். டெல்டா வாங்கினாலும் பிரேக் எப்படிப் பிரிச்சிருக்குன்னு பாத்து இதையே பண்ணுங்க. இடது காலுக்கு குதிகால் கப்போட பெல்ட்டும் வச்ச பெடல். எந்திரிக்கிறதுக்கு சீட்டு ரெண்டு பக்கமும் கைப்பிடிக் கம்பி மாட்டிக்கலாம். பார்க்கிங் பிரேக் அவர் நல்ல கைக்கு எட்டணும், வண்டி நகர்ந்தா கம்பி இருந்தும் புண்ணியமில்ல.

கேள்வி: சன்னிவேல்ல இருந்து ஒரு சின்ன மேடு ஏறித்தான் வீடு. மோட்டார் வச்சதே வாங்கலாமா, இருக்குற ட்ரைக்ல கிட் போடலாமா? லைசென்ஸ் எதுவும் கேப்பாங்களா? (வாசகர், கலிஃபோர்னியா)

லைசென்ஸ் பயம் வேண்டாம், அது மாநிலச் சட்டத்தைப் பொறுத்தது, கலிஃபோர்னியாவுல இ-பைக்குக்குக் கேக்க மாட்டாங்க. 2002ல வந்த ஃபெடரல் சட்டத்துலயும் லோ ஸ்பீட் எலெக்ட்ரிக் பைசிக்கிள்ங்கிறதுல 2 சக்கரம், 3 சக்கரம் ரெண்டுமே வருது: பெடல் வேலை செய்யணும், மோட்டார் 750 வாட்டுக்குக் கீழ இருக்கணும், மோட்டார்ல மட்டும் 20 மைல் வேகத்தைத் தாண்டக்கூடாது. அதுக்கு மேல எந்த கிளாஸ் (வேகத்தையும் மோட்டாரையும் வச்சுப் பிரிக்கிற ரகம்) இ-பைக் எந்த ட்ரெயில்ல போலாம்ங்கிறது ஊருக்கு ஊர் மாறும், உங்க ட்ரெயில் போர்டைப் படிங்க.

வண்டி ஏற்கனவே இருந்தா கிட்டே போதும். பெடல் இருக்குற இடத்துல உக்கார்ற மிட் டிரைவ் மோட்டார், பஃபாங் மாதிரி, நிறைய ட்ரைக் பூம்ல அப்படியே நுழையும். ட்ரைக்குன்னு வர்ற ஒரே தலைவலி வயர் நீளம். சைக்கிள்ல மோட்டாருக்கும் பின்சக்கர ஸ்பீட் சென்சாருக்கும் நடுவுல ரெண்டடி கூட இருக்காது, ட்ரைக்ல மோட்டார் உங்க கால் நுனியில, பேட்டரி சீட்டுக்குப் பின்னாடி, சென்சார் அதுக்கும் பின்னாடி. எக்ஸ்டென்ஷன் கேபிள் சேர்த்து ஆர்டர் பண்ணலேன்னா ஞாயித்துக்கிழமை பூரா வண்டியைக் கழட்டிப் போட்டுட்டு அடுத்த பார்சலுக்குக் காத்திருக்கணும்.

பேட்டரில மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீங்க. யூஎல்ங்கிற பாதுகாப்பு சோதனை சர்டிஃபிகேட் இல்லாத மலிவு பேட்டரிய வீட்டுக்குள்ள சார்ஜ் போடுறது வேண்டவே வேண்டாம், நியூயார்க் சிட்டில 2023ல அதை விக்கவே தடை போட்டாங்க, அவ்ளோ தீ விபத்து.

இன்னொண்ணு, சிக்னல்ல நிக்கும்போது பெரிய கியர்ல நின்னுட்டீங்கன்னா கிளம்ப முடியாம திணறுவீங்க, ட்ரைக்ல எழுந்து நின்னு மிதிக்கிற வித்தையே கிடையாது. நிக்கிறதுக்கு முன்னாடியே கியர் எறக்குற பழக்கம் வரணும். புதுசா வாங்குறவங்க பின்சக்கர ஹப்புக்குள்ளயே கியர் இருக்குற மாதிரி, ஷிமானோ ஆல்ஃபைனோ, காசிருந்தா 14 கியர் ரோலாஃபோ போட்டுட்டா நின்ன இடத்துலயே மாத்திக்கலாம். டவுனுக்குள்ள ஓட்டுறவங்களுக்கு அது சொர்க்கம்.

கேள்வி: அபார்ட்மென்ட்ல இருக்கேன். எங்க நிறுத்துறது, எங்க பூட்டுறது? பட்டேல் ஸ்டோர்ல அரிசி வாங்கிட்டு வர முடியுமா? (வாசகர், எடிசன், நியூஜெர்சி)

இதான்யா உண்மையான கேள்வி. டாட்போல் அகலம் பொதுவா 30ல இருந்து 35 இஞ்ச் வரைக்கும் வரும். வெளி வாசல் 36 இஞ்ச்னு இருக்கும், உள்ள ரூம் கதவு 30தான். நேரா போகலேன்னா வண்டியை ஒரு பக்கமா சாய்ச்சு, ஒரு முன்சக்கரம் மேல தூக்கின மாதிரி புடிச்சுக்கிட்டு நுழைக்கலாம், 40 பவுண்டு பக்கம் இருக்கும், தினம் ரெண்டு வேளை இதைப் பண்ண முடியுமான்னு உங்க தோளைக் கேளுங்க. மாடி வீடு, லிஃப்ட் இல்லேன்னா வாங்காதீங்க, மனசாரச் சொல்றேன். இடம்தான் பிரச்சனைன்னா மடக்குற மாடல் பாருங்க, ஹெச்பி வெலோடெக்னிக் கெக்கோ சட்டுனு மடங்கும். மடக்கினாலும் ட்ரைக் ட்ரைக்தான், பெரிய சூட்கேஸ் ரெண்டு வச்ச இடம் எடுக்கும். பஸ்ஸுக்கு முன்னாடி இருக்குற சைக்கிள் ஸ்டாண்டுல இது ஏறாது, அந்த நினைப்பையும் விட்டுடுங்க.

பூட்டுறதுக்கு சாதா யூ லாக் எட்டாது, சைக்கிள் ஸ்டாண்டு கம்பி எல்லாம் உங்க தலை உயரத்துல, வண்டி குழாய் முழங்கால் உயரத்துல. கனமான செயின் லாக் ஒண்ணு வாங்கி பின்சக்கரத்தையும் ஃப்ரேமையும் சேர்த்து கம்பத்துக்கு அடியில கட்டுங்க. முன்சக்கரம் க்விக் ரிலீஸ்னா அதையும் ஒரு கேபிள் விட்டுக் கோத்துடுங்க.

அரிசிக்கு ட்ரைக் மாதிரி வராது. 20 பவுண்டு சோனா மசூரி பையை சைக்கிள் கேரியர்ல வச்சா நிறுத்துற ஒவ்வொரு இடத்துலயும் வண்டி சாயும், இது சாயாது. வெயிட்டை பின்சக்கரத்துக்குப் பின்னாடி தொங்க விடாம, சீட்டுக்குப் பின்னாடி ரெண்டு பக்கமும் தாழ்வா தொங்குற பையில போடுங்க. பின்னாடி ரொம்ப ஏத்தினா மேட்டுல முன்சக்கரம் லேசாகி ஸ்டீயரிங் பிடி விட்டுடும். மாசச் சாமான் மொத்தமும்னா சின்ன ட்ரெய்லர் ஒண்ணு, அவ்ளோதான்.

கேள்வி: கார்க்காரன் கண்ணுக்கு நாம தெரிவோமா? வீட்ல விட மாட்டேங்கிறாங்க. (வாசகர், கேரி, நார்த் கரோலினா)

வீட்ல சொல்றதுல பாதி சரி. தூரத்துல இருந்து வர்றவன் கண்ணுக்கு நல்லாவே தெரிவீங்க, இது என்னடா வண்டின்னு மெதுவாகி தள்ளித்தான் போவான். ஆபத்து கிட்டத்துல. பிக்கப் டிரக் பானெட்டுக்குப் பக்கத்துல நீங்க போய் நின்னா உங்க தலை அவனுக்குத் தெரியவே தெரியாது. சிக்னல்ல பெரிய வண்டிக்கு வலது பக்கமா நுழைஞ்சு முன்னாடி போய் நிக்காதீங்க, பின்னாடியே லேன் நடுவுல நில்லுங்க. உயரமான கொடி, பகல்லயும் எரியுற பின் லைட்டு, இது ரெண்டும் ஸ்டைலுக்கு இல்ல.

யாரும் சொல்லாத ஒண்ணு சொல்றேன். பார்க் பண்ணின காருக்கு நடுவுல இருந்தோ, வேலி மறைச்ச டிரைவ்வேல இருந்தோ ரோட்டுக்கு வரும்போது உங்க கண்ணு ரோட்டைப் பாக்குறதுக்கு முன்னாடியே உங்க கால் ரோட்ல இருக்கும். மூணு நாலு அடி வண்டி கண்ணுக்கு முன்னாடி நீண்டிருக்கு. அந்த மாதிரி இடத்துல நின்னு, மெல்ல உருட்டி எட்டிப் பாத்துட்டுத்தான் வரணும். கண்ணாடி ரெண்டு பக்கமும் வேணும், சாய்ஞ்ச சீட்டுல கழுத்தைத் திருப்பி பின்னாடி பாக்கவே முடியாது.

கேள்வி: முன் டயர் ரெண்டும் கொஞ்ச நாள்லயே நூல் தெரியுற அளவுக்குத் தேஞ்சிடுச்சு. மட்டமான டயரா? (வாசகர், கொலம்பஸ், ஒஹையோ)

டயர் மேல பழி போடாதீங்க, அலைன்மென்ட் போயிருக்கு. ரெண்டு முன்சக்கரமும் நேரா போகாம ஆளுக்கொரு பக்கம் பாத்தா டயர் உருளாது, ரோட்ல தேய்ச்சுக்கிட்டே போகும். ஹேண்டிலை நேரா வச்சு, ஆக்சில் உயரத்துல ரெண்டு ரிம்முக்கும் நடுவுல எவ்ளோன்னு முன்பக்கம் ஒரு தடவை, பின்பக்கம் ஒரு தடவை அளங்க. முன்பக்கம் ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர் கம்மியா இருக்கணும். இல்லேன்னா ரெண்டு சக்கரத்தையும் இணைக்கிற டை ராடோட லாக் நட்டை லூஸ் பண்ணிட்டு ராடை கால் சுத்து திருப்பி மறுபடி அளங்க. பொறுமை இருந்தா அரை மணி நேர வேலை. நட்டை மறக்காம டைட் பண்ணுங்க. புது டயர் போடும்போது பஞ்சர் தாங்குற மாதிரி ஷ்வால்பே மாரத்தான் ப்ளஸ் போடுங்க, கனம்தான், ஆனா ஆபீஸ் போற வழியில பஞ்சர் ஒட்டிக்கிட்டு உக்கார வேண்டாம். பனிக்கு 20 இஞ்ச் சைஸ்லயே ஆணி வச்ச டயரும் வருது, ஐஸ்ல வண்டி விழாதுங்கிறது உண்மைதான், ஆனா ஆணி இல்லாத பின்சக்கரம் மேட்டுல நின்ன இடத்துலயே சுத்தும்.

கேள்வி: அமெரிக்காவுல இருக்குற பையன் அவன் ட்ரைக்கை எனக்கு அனுப்புறேங்கிறான். இங்க ஓட்டலாமா? (வாசகர், கோயம்புத்தூர்)

கேம்பஸ், டவுன்ஷிப், காலையில ஆள் இல்லாத ரோடுன்னா ஓட்டுங்க சார். அவிநாசி ரோட்ல வேண்டாம். சைக்கிள்னா குழியைச் சுத்திப் போயிடலாம், இது மூணு தடத்துல போகுது, ஒரு சக்கரம் தப்பிச்சா இன்னொண்ணு விழும். நம்ம ஊர் ஸ்பீட் பிரேக்கர்ல தாழ்வான டாட்போல் வயித்தைத் தேய்க்கும், செயினும் கீழ போறது. பஸ் டிரைவர் சீட்ல இருந்து நீங்க தெரியவும் மாட்டீங்க. அனுப்புறதுன்னா கஸ்டம்ஸ், கப்பல் செலவு எல்லாம் கேட்டுட்டு, கூடவே ரெண்டு செட் டயர் டியூப், பிரேக் பேட், செயினைத் தாங்கி ஓட்டுற ஐட்லர் வீல் போட்டு அனுப்பச் சொல்லுங்க, இங்க கடையில தேடி அலைய வேண்டாம்.

கேள்வி: புதுசு வாங்க வசதி இல்ல. செகண்ட் ஹேண்ட்ல என்ன பாக்கணும்? (வாசகர், ஹூஸ்டன்)

நல்ல யோசனை. நிறைய பேர் ஆசைப்பட்டு வாங்கி கராஜ்ல போட்டுட்டு அப்புறம் விக்கிறாங்க, அதிகம் ஓடாத வண்டியே கிடைக்கும். குறுக்குக் குழாய் நடு குழாயோட சேர்ற வெல்டுல முடி மாதிரி விரிசல் இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க, இருந்தா விலை எவ்ளோ குறைச்சாலும் வேண்டாம். முன்சக்கரத்தை மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டுங்க, டக் டக்னு ஆடினா, சக்கரம் திரும்புற அச்சான கிங்பின்னோட புஷ்ஷோ பேரிங்கோ தேஞ்சிருக்கு, மாத்தக்கூடியதுதான். செயின் ஓடுற பிளாஸ்டிக் குழாயும் ஐட்லரும் தேஞ்சிருந்தா சின்ன செலவு. கடைசியா சீட்ல பத்து நிமிஷம் உக்காருங்க. சீட்டு வலைத்துணி, அதாவது மெஷ், தொய்ஞ்சு ஃப்ரேம் கம்பி முதுகுல இடிச்சா பின்பக்கப் பட்டிய இழுத்துக் கட்டிப் பாருங்க, அப்பவும் இடிச்சா புது மெஷ் என்ன விலைன்னு அங்கயே போன்ல பாத்து அதைக் கழிச்சுக் கேளுங்க.